தேவனோடு நெருங்கி நடப்பது பற்றி எங்கள் ஜெபக்கூட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதன்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு மாறி ஒரு சின்ன ஜெபக்கூட்டம் நடக்கிறது. 12, 15 பேர் வருவோம். பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம் எல்லாம் முடிந்து காபி டம்ளரைக் கையில் வாங்கின பிறகுதான் மனதில் இருக்கிற கேள்விகள் வெளியே வரும், அதுவும் பாதி வாசல்படியில் செருப்பு மாட்டிக்கொண்டே. திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நான் இறையியல் படித்தவள் கிடையாது, ஓய்வுநாள் பள்ளியில் 20 வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்ததால் வசனங்களை நாங்கள் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே சொல்கிறேன்.

தேவனோடு நெருங்குவது என்றால் என்ன அக்கா? அது ஒரு உணர்வா?

உணர்வு சில நாள் வரும், பல நாள் வராது. யாக்கோபு 4:8-இல் "தேவனிடத்தில் சேருங்கள், அப்பொழுது அவர் உங்களிடத்தில் சேருவார்" என்று இருக்கிறது, இதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். ஆனால் அதே அதிகாரத்தில் மூன்று வசனம் தள்ளி, "சகோதரரே, ஒருவருக்கொருவர் விரோதமாய்ப் பேசாதிருங்கள்" என்று வருகிறதே, அதை யாரும் சுவரில் மாட்டுவதில்லை. யாக்கோபுக்கு இரண்டும் ஒரே பேச்சு. ஜெபத்தில் கண்ணீர் வந்ததா என்று பார்ப்பதைவிட, பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி நேற்று என்ன பேசினேன் என்று யோசித்துப் பார்த்தால் நான் எங்கே நிற்கிறேன் என்பது எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் எட்டி எட்டிப் போக, அவர் எங்கேயோ உயரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி நினைத்துப் பயப்படுகிறோம். லூக்கா 15-இல் சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் அழித்த இளைய மகன் திரும்பி வருகிறான், அவன் தூரத்தில் வரும்போதே தகப்பன் பார்த்துவிடுகிறார், மனதுருகி ஓடுகிறார். ஓடினது மகன் இல்லை, அப்பாதான். ஊரில் மதிப்பாக வாழ்ந்த ஒரு பெரியவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தெருவில் ஓடினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

விடியற்காலை 4 மணிக்கு எழுந்தால்தான் ஜெபமா? எனக்கு முடியவே இல்லை.

இதைக் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் கைக்குழந்தை வைத்திருக்கிற அம்மாக்கள், அல்லது இரவு ஷிப்ட் போகிறவர்கள். உங்களைக் குற்றவாளியாக்க எனக்கு மனமில்லை. இயேசு அதிகாலையில், இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு 1:35 சொல்வது உண்மை. அதே இயேசு ஒரு நாள் ராத்திரி முழுவதும் மலையில் ஜெபித்தார் (லூக்கா 6:12). அதே இயேசு புயலடிக்கிற படகில் தலையணை வைத்துத் தூங்கவும் செய்தார் (மாற்கு 4:38). தானியேல் நாளுக்கு மூன்று வேளை முழங்கால்படியிட்டார். தாவீது "அந்திசந்தி மத்தியான வேளைகளிலும்" என்று பாடுகிறார். வேதத்தில் ஒரே மணிநேரம் என்று எதுவும் இல்லை.

ஆனால் ஏதாவது ஒரு நேரம் வேண்டும். "எப்போதும் மனதுக்குள் ஜெபித்துக்கொண்டே இருக்கிறேன்" என்று நான் சில வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன், உட்கார்ந்து பார்த்தபோது ஜெபிக்கவே இல்லை என்பது தெரிந்தது. இப்போது எனக்கு மத்தியானம் சோறு வடித்த பிறகு, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்கு முன்னால் ஒரு 20 நிமிஷம். பின்கட்டில் ஒரு ஸ்டூல். போன் முன்னறையில். அவ்வளவுதான் என் அறைவீடு, நான் தனியாக ஜெபிக்கிற இடம். பஸ்ஸில் ஒரு மணிநேரம் போய் வேலை பார்க்கிறவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடுங்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

ஜெபத்தில் என்ன பேசுவதென்றே தெரியவில்லை. 2 நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது.

சபையில் ஜெபிக்கிறவர்களைக் கேட்டுக் கேட்டு, அந்த நடையில் பேசினால்தான் ஜெபம் என்று நமக்குள் பதிந்துபோயிற்று. "சர்வ வல்லமையும் மகத்துவமுமுள்ள" என்று தொடங்கினால் அடுத்த வரி வர மாட்டேன் என்கிறது. வீட்டில் அம்மாவிடம் பேசுகிற தமிழிலேயே பேசலாம்.

அதற்கும் வார்த்தை வராத நாட்களுக்குச் சங்கீதப் புத்தகம் இருக்கிறது. மொத்தம் 150. அவற்றில் புகழ்ச்சியைவிட அதிகமாக முறையீடு இருக்கிறதைக் கவனித்திருக்கிறீர்களா? "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. இதை நாம் சொந்தமாகச் சொன்னால் பக்கத்தில் இருக்கிறவர் "அப்படியெல்லாம் சொல்லாதே" என்று வாயை அடைப்பார். ஆனால் இது வேதத்துக்குள்ளேயே, ஜெபமாகவே, தேவனிடம் சொல்லச் சொல்லி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு சங்கீதத்தை எடுத்து ஒவ்வொரு வசனமாகச் சத்தமாக வாசித்து, இடையிடையே உங்கள் வீட்டு விஷயத்தைச் சேர்த்துப் பேசுங்கள். கடனோ, மாமியாரோ, மகளின் பரீட்சையோ, என்ன இருக்கிறதோ அது.

இயேசு சீஷர்களுக்குக் கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தையும் இப்படி நிறுத்தி நிறுத்தி சொல்லிப் பாருங்கள். தமிழில் அதற்கு ஒரு அழகு உண்டு. "எங்கள் பிதாவே", "எங்களுக்குத் தாரும்", "எங்களுக்கு மன்னியும்" என்று முழுக்க "எங்கள்"தான், "என்" என்ற வார்த்தையே கிடையாது. தனி அறையில் ஒற்றை ஆளாக நின்று சொன்னாலும் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" என்றுதான் கேட்க வேண்டும். அந்த "எங்கள்" என்ற இடத்தில் நிறுத்தி, இன்றைக்கு யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று யோசித்தால் ஜெபம் 2 நிமிஷத்தில் முடியாது.

வேதத்தை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது? ஒவ்வொரு ஜனவரியும் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறேன்.

பெரும்பாலானவர்கள் அங்கேதான் நிற்கிறார்கள். 66 புத்தகம், 1,189 அதிகாரம், ஒரு வருஷத்தில் முடிக்க நாளுக்கு மூன்று நான்கு அதிகாரம் வேண்டும். முடித்தவர்களை மதிக்கிறேன். ஆனால் முதல் தடவை வாசிக்கிறவர்கள் மாற்குவில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், சுவிசேஷங்களில் அதுதான் சின்னது. சம்பவத்துக்குப் பின் சம்பவமாக ஓடும், இயேசு எங்கேயும் நீண்ட நேரம் நிற்க மாட்டார். அதன் பிறகு நாளுக்கு ஒரு சங்கீதம், கூடவே ஆதியாகமம்.

மொழி புரியவில்லை என்று சின்னப் பிள்ளைகள் சொல்வதைத் தப்பாக எடுக்காதீர்கள், அது நியாயமான குறை. நாம் வாசிப்பது 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்பதில் தாழ்ச்சி என்றால் குறைவு. "எனக்கு ஒன்றும் குறையாது" என்று அர்த்தம். நான் கல்லூரி முடிக்கிற வரைக்கும் "நான் யாருக்கும் முன்னால் தாழ்ந்துபோக மாட்டேன்" என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் எளிய தமிழில் வந்திருக்கிற மொழிபெயர்ப்பு ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதில் பாவம் ஒன்றும் இல்லை. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1715-க்குள் அச்சிட்டு முடித்ததே ஜனங்கள் தங்கள் பேச்சில் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான்.

புது வருஷ ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த வசனம் நடக்கவே இல்லையே?

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து, வருகிற வருஷத்துக்கென்று ஒரு வசனம் எழுதின அந்த அட்டையை எடுக்கும்போது கை நடுங்குகிற சந்தோஷம் எனக்கும் தெரியும். அதை எடுக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எடுத்த வசனம் வேதத்தில் எங்கே இருக்கிறது என்று திறந்து, அந்த அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள்.

எரேமியா 29:11 அடிக்கடி வருகிற ஒன்று, சமாதானத்துக்கேதுவான நினைவுகளை நினைத்திருக்கிறேன் என்று கர்த்தர் சொல்கிற வசனம். அது யாருக்கு எழுதப்பட்டது தெரியுமா? பாபிலோனுக்குக் கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து அனுப்பின கடிதம் அது. அதற்கு முந்தின வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது. சீக்கிரம் ஊர் திரும்பிவிடுவோம் என்று சொல்லிக்கொண்டிருந்த தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள், உங்களைப் பிடித்துக்கொண்டுபோன அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள் என்கிறது கடிதம். கேட்டவர்களில் பல பேர் திரும்பி வரவே இல்லை, பாபிலோனிலேயே செத்திருப்பார்கள். அப்படியானால் வாக்குத்தத்தம் பொய்யா? இல்லை. அது ஒரு ஜனத்துக்குக் கொடுக்கப்பட்டது, டிசம்பருக்குள் முடிகிற கணக்கு கிடையாது. எனக்கு இது தெரிந்த பிறகு அந்த வசனம் இன்னும் கனமாகத்தான் ஆயிற்று.

இவ்வளவு ஜெபித்தும் கிடைக்கவில்லை. என் விசுவாசம் போதவில்லையா?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானும் இதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என் அப்பா பக்கவாதம் வந்து 11 மாதம் படுக்கையில் இருந்தார். நாங்கள் உபவாசமிருந்தோம், எண்ணெய் பூசி ஜெபித்தோம், ஆள் மாற்றி ஆள் தொடர்ந்து ஜெபிக்கிற சங்கிலி ஜெபம் வைத்தோம். ஒரு நாள் ஜெபிக்க வந்த ஒருவர் போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டில் ஏதோ மறைவான பாவம் இருக்கிறதம்மா, அதை அறிக்கை செய்யுங்கள்" என்றார். அப்பா இறந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அந்த வார்த்தை உள்ளே கிடந்து அறுத்தது. யார் வீட்டுப் படுக்கையருகேயும் அந்த வார்த்தையைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். பிறவிக் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் பாவம் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்றார் இயேசு (யோவான் 9:3).

பவுல் தன் மாம்சத்திலிருந்த முள்ளுக்காக மூன்று தடவை வேண்டிக்கொண்டார், முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. கெத்செமனேயில் இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகிற பாடு, நீங்கட்டும் என்று இயேசுவே கேட்டார், நீங்கவில்லை. இவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று யார் சொல்வது?

ஏன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த 11 மாதத்தில் எங்களைத் தாங்கினது எங்கள் தெருக்கோடியில் இருந்த ஒரு வயதான அம்மா. அவர்கள் வருவார்கள், ஒன்றும் பேச மாட்டார்கள், தொட்டியில் கிடக்கிற பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு அப்பாவின் காலைத் தொட்டுவிட்டுப் போவார்கள். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் ஏழு ராத்திரி ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று யோபு 2:13-இல் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாவின் ஈரக்கைதான் ஞாபகம் வருகிறது.

மனசு வறண்டு கிடக்கிறது, ஜெபிக்கவே பிடிக்கவில்லை. தேவன் என்னை விட்டுப் போய்விட்டாரா?

எலியாவைப் பாருங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கினதைக் கண்ணால் பார்த்த மனிதன், அடுத்த அதிகாரத்திலேயே ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். தேவதூதன் வந்து அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தருகிறான். சாப்பிடுகிறார், மறுபடி படுத்துக்கொள்கிறார், மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. அதற்கெல்லாம் பிறகு, 40 நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகுதான் தேவனுடைய அந்த மெல்லிய சத்தம். எனவே முதலில் சரியாகச் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்று பாருங்கள்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, அழுகை நிற்கவில்லை, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் டாக்டரிடம் போங்கள், இன்றைக்கே வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். மனநல மருத்துவரிடம் போவது அவிசுவாசம் கிடையாது. சுவிசேஷம் எழுதின லூக்காவே வைத்தியர்தான், பவுல் அவரை "பிரியமான வைத்தியன்" என்கிறார். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற நாம் இதற்கு மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். எந்த முகத்தோடு மறுபடி கேட்பேன்?

இதைக் கேட்பது பெரும்பாலும் வாலிபப் பையன்கள், அதுவும் வாட்ஸ்அப்பில், நேரில் கேட்க மாட்டார்கள். தம்பி, பேதுருவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரதான ஆசாரியனுடைய வீட்டு முற்றத்தில் குளிருக்காகக் கரிநெருப்பு போட்டிருந்தார்கள், அதன் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டு இயேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்தார். உயிர்த்தெழுந்த பிறகு திபேரியாக் கடற்கரையில் இயேசு அவருக்காகக் காத்திருந்தபோது அங்கேயும் கரிநெருப்பு, மேலே மீனும் அப்பமும் (யோவான் 21:9). அந்தப் புகையின் மணம் பேதுருவுக்கு எதையெல்லாம் ஞாபகப்படுத்தியிருக்கும்! ஆனால் இயேசு சாப்பிட வாருங்கள் என்றுதான் கூப்பிட்டார். சாப்பிட்டு முடித்த பிறகு, மறுதலித்த அதே மூன்று கணக்கில் "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்டு, மூன்று தடவையும் வேலையைக் கையில் கொடுத்தார்.

முகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வெளியே நிற்காமல் உள்ளே வந்து சாப்பிடுங்கள். அப்புறம், நம்பிக்கையான ஒரு ஆளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். யாக்கோபு 5:16 அதைத்தான் சொல்கிறது. போனில்தான் விழுகிறீர்கள் என்றால் ராத்திரி போனை அம்மாவின் அறையில் சார்ஜ் போடுங்கள். ஜெபத்தோடு அதுவும் வேண்டும்.

உபவாசம் கட்டாயமா?

லெந்து நாட்களில் இந்தக் கேள்வி கூடிவிடும். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை, ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் 40 நாள். சர்க்கரை, அல்சர், கர்ப்பம், பாலூட்டுதல் எல்லாம் இருந்தால் பட்டினி வேண்டாம், வேறு எதையாவது விடுங்கள். ஏசாயா 58-இல் தேவன் தமக்குப் பிரியமான உபவாசம் எது என்று சொல்லும்போது பசியுள்ளவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுப்பதைச் சொல்கிறார். நீங்கள் விட்ட வேளைச் சோற்றின் காசு எங்கே போகிறது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

சபையில் மனம் நொந்துபோனேன். வீட்டிலேயே யூடியூப்பில் ஆராதனை பார்த்தால் போதாதா?

நொந்துபோன காரணம் என்ன என்று முதலில் கேட்பேன். பாட்டுக்குழுவில் இடம் கிடைக்கவில்லை என்றால் ஒரு பதில், சாதி பெயரைச் சொல்லி அவமானப்படுத்தினார்கள் என்றால் வேறு பதில். இரண்டாவது விஷயத்தில் உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. திருவிருந்தில் ஒரே அப்பத்தைப் பிட்டு, ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணிவிட்டு, சம்பந்தம் பேசும்போதும் கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்க்கிறோம் என்றால் பிட்டது என்ன, குடித்தது என்ன? "தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்?" என்று யோவான் கேட்டதற்கு நம் சபைகள் இன்னும் பதில் சொல்லவில்லை. இதைச் சொன்னால் எனக்கே சிலர் முகம் திருப்புகிறார்கள், பரவாயில்லை.

ஆனாலும் தனியாக இருந்துவிடாதீர்கள். அந்தச் சபை வேண்டாம் என்றால் இன்னொன்று, அதுவும் முடியாத காலத்தில் நாலு பேர் சேர்கிற ஒரு வீடு. உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் யூடியூப் பிரசங்கியார் கஞ்சி கொண்டுவர முடியாது. உங்களாலும் அவருக்குக் கொண்டுபோக முடியாது, அதுதான் எனக்கு இன்னும் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது.

வீட்டில் நான் மட்டும்தான் கிறிஸ்தவள். வெளிப்படையாக ஜெபிக்க முடியவில்லை.

முடிகிற இடத்தில் முடிகிற அளவுக்குச் செய்யுங்கள். வீட்டில் சண்டையை இழுத்து விசுவாசத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. 1 பேதுரு 3-இல் விசுவாசியாத கணவனோடு வாழ்கிற மனைவிகளுக்குப் போதனையைவிட நடக்கைதான் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் அடியையும் உதையையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லி யாராவது அந்த வசனத்தைக் காட்டினால் அதை ஏற்காதீர்கள், உதவி கேளுங்கள்.

குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் உட்கார மாட்டேன் என்கிறார்களே?

நீளமாக இருந்தால் நானே உட்கார மாட்டேன். ஒரு கீர்த்தனை, பாதி அதிகாரம், ஆளுக்கு ஒரு வரி ஜெபம், 10 நிமிஷத்தில் முடியுங்கள். பாட்டைத் தேர்ந்தெடுக்கிற பொறுப்பைக் கடைசிப் பிள்ளையிடம் கொடுங்கள், தினமும் கிறிஸ்மஸ் பாட்டே வந்தாலும் பாடுங்கள். அவர்களுடைய ஜெபத்தைத் திருத்தாதீர்கள். என் மகன் ஒரு வருஷம் முழுக்கத் தெருநாய் ஒன்றின் காலுக்காக ஜெபித்தான். அப்புறம், பிள்ளைகளைத் திட்டினது தப்பு என்று தெரிந்தால் அந்த ஜெபத்திலேயே அவர்கள் முன்னால் மன்னிப்புக் கேளுங்கள்.

தேவசித்தத்தை எப்படித் தெரிந்துகொள்வது? வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து பார்க்கலாமா?

வேண்டாம். அது வேதத்தைச் சீட்டுக்கட்டாக்குவது. வரன் விஷயமோ வேலையோ, வேதம் தெளிவாக வேண்டாம் என்கிற ஒன்று அதில் இருக்கிறதா என்று பாருங்கள், உங்களை நன்றாகத் தெரிந்த இரண்டு பெரியவர்களிடம் கேளுங்கள், ஜெபியுங்கள், பிறகு தைரியமாக முடிவெடுங்கள்.

ஜெபித்துக்கொண்டே தூங்கிவிடுகிறேன். இது பாவமா அக்கா?

பகலெல்லாம் உழைத்துவிட்டு ராத்திரி 11 மணிக்குப் படுக்கையில் ஜெபித்தால் தூக்கம் வரத்தான் செய்யும். அவர் தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார் என்று 127-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. மடியில் பேசிக்கொண்டே தூங்கிப்போன பிள்ளையை எந்தத் தாயும் எழுப்பி "வாக்கியத்தை முடி" என்று கேட்பதில்லை. விட்ட இடத்திலிருந்து காலையில் சொல்லுங்கள்.